மஞ்சள் துணி டப்பாவில் எழுதியிருந்தது

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இப்போது கார் வாங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நிறுத்தி நாமே கழுவுகிறோம். கழுவுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஓஸ் பைப்பும் ஒரு வாளியும் இருந்தால் யாரும் கழுவிவிடலாம். துடைப்பதில்தான் தோற்றுப்போகிறோம். காய்ந்த பிறகு பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, அம்மை போட்ட மாதிரி. போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு அது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு போகாது.

வெயிலில் நிறுத்திக் கழுவாதீர்கள். கடைசி அலசலுக்கு ஓஸின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பீய்ச்ச வேண்டாம். சும்மா வழியவிடுங்கள், தண்ணீர் ஒரே தாளாக இறங்கும்போது முக்கால்வாசி ஈரத்தைக் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். துடைப்பது கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. துணியை விரித்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து நம் பக்கம் இழுக்க வேண்டும். கைப்பிடிக்குள்ளும் சைடு கண்ணாடி மடிப்பிலும் தண்ணீர் பதுங்கியிருந்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரு கோடு வழியும். அதற்குக் காற்று அடிக்க வேண்டும். முக்கியமாக, கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி வண்டியில் வைக்காதீர்கள். ஒரே ஒரு மணல் போதும்.

இதையெல்லாம் நான் போனில் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அடிக்கு நடுவில் கற்றுக்கொண்டேன். அடி முழுவதும் எனக்கு விழுந்ததில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. உத்தமபாளையத்தைத் தாண்டி குமுளி ரோட்டில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாட்டர் சர்வீஸ் செட். தகரக் கூரை, வண்டி ஏற்றி நிறுத்த இரண்டு சிமெண்டு மேடை, ஒரு போர், ஒரு மோட்டார். முதலாளி கம்பத்தில் இருந்தார், வாரத்துக்கு ஒருமுறை வருவார். செட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. நான்கு பேரில் எழுத்துத் தெரிந்தவன் நான் மட்டும்தான். வண்டி நம்பரைச் சிலேட்டில் எழுதுவது, பில் எழுதுவது, சோப்பு ஆயில் கேனில் என்ன போட்டிருக்கிறது என்று வாசித்துச் சொல்வது எல்லாம் என் வேலை. அப்பா என்னைக் காட்டி டிரைவர்களிடம் சொல்வார், "நம்ம பரம்பரையில மொத மொத எழுத்தத் தொட்ட பய. இங்கிலீசும் வாசிப்பான்." எனக்கு இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டத் தெரியும். கூட்டினால் என்ன வருகிறது என்று தெரியாது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகை பிறந்தால் செட்டுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மலைக்குப் போகிற வண்டிகளும் வருகிற வண்டிகளும் அந்த ஒரே ரோட்டில்தான். சேலத்து வேன், மதுரைக் கார், ஆந்திரா பஸ். பானெட்டில் சந்தனமும் சூடக் கரியும் அப்பியிருக்கும். செவ்வந்தி மாலை மழையில் அழுகி, இதழ் இதழாகப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் கோடு விழும். ஈரத் துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். டீசல் வாடையும் அழுகிய பூ வாடையும் திராட்சைக்கு அடிக்கிற மருந்து வாடையும் சேர்ந்து ஒரு வாடை உண்டு. இப்போதும் எங்காவது அது வந்தால் என் தோள்பட்டை தானாகக் குறுகிவிடுகிறது.

அப்பா கோபக்காரர் என்று சொன்னால் போதாது. கோபம் இல்லாதபோதும் அடிப்பார். அந்த சீசனின் முதல் வாரத்தில் இரண்டு வேன் டிரைவர்கள், யார் வண்டி முதலில் மேடை ஏறுவது என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் ஜாக்கி லீவரை எடுத்து மற்றவன் புருவத்தில் போட்டான். ரத்தம் சோப்பு நுரையில் விழுந்து நுரை ரோஸ் நிறமாக ஆனது. அப்பா விலக்கப் போகவில்லை. கையிலிருந்த வாட்டர் கன்னை அவர்கள் பக்கம் திருப்பினார். மண் அப்பிய சேஸிஸையே உரிக்கிற வேகம் அது. ஒருவனுக்கு முழங்கையில் தோல் வழன்று தொங்கியது. இரண்டு பேரும் அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓட, அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியாலே, கழுவி விட்டேன் ரெண்டு பேரயும். பில்லு எழுது."

அம்மாவை அடிக்க அவருக்கு லீவர் தேவைப்படவில்லை. துடைக்கிற துணி போதும். பழைய வேட்டியை நான்காகக் கிழித்து வைத்திருப்போம். பலமுறை துவைத்து நைந்த வேட்டி அளவுக்குத் தண்ணீர் குடிக்கிற துணி வேறு இல்லை. அதை நனைத்து, முறுக்கி, சுழற்றி அடிப்பார். நனைந்த துணியின் அடி வெளியே தடம் காட்டாது, உள்ளே நிற்கும். அம்மா துடைப்புக்காரி. கார் மேடையிலிருந்து இறங்கியதும் ரப்பர் வைப்பரால் கண்ணாடித் தண்ணீரை வழித்துவிட்டு, வேட்டித் துணியோடு சுற்றி வருவாள். எங்காவது ஒரு புள்ளி நின்றுவிட்டால் அதே துணி அவள் முதுகில் விழும்.

அந்த சீசனுக்கு முந்தின ஐப்பசியில் அது துணியோடு நிற்கவில்லை. அம்மாவின் முன்பல் ஒன்று போனது. மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். ஆறடி உயரம், பேச்சுக் கம்மி. அன்றைக்கு அவர் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா இருவருக்கும் நடுவில் விழுந்து தம்பியின் காலைக் கட்டிக்கொண்டாள். வாயில் ரத்தத்தோடு அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"மாலை போடுடா தம்பி. இந்த வருசம் மலைக்குப் போயிட்டு வா. எனக்காகப் போடு."

"இந்தாள வெட்டிப் போட்டுட்டுப் போடுறேன்."

"மாலை போட்டவன் கை ஓங்கக் கூடாது. மாலை போட்ட வீட்ல குடிக்கக் கூடாது, சண்ட போடக் கூடாது. நாப்பத்தெட்டு நாளு எனக்கு நிம்மதியக் குடுங்கடா ரெண்டு பேரும்."

கார்த்திகை முதல் தேதி மாமா கன்னிச்சாமியாக மாலை போட்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். அக்காளும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அவரும் எங்கள் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட்டார். செருப்பு மட்டுமில்லை, இடுப்பு பெல்ட், மணிபர்ஸ் என்று தோல் சம்பந்தப்பட்ட எதையும் தொடமாட்டார்.

அம்மாவின் கணக்கில் ஒரு பாதிதான் சரியாக வந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டார்.

முதல் அடி விழுந்தபோது மாமா இரண்டு எட்டு வைத்தார். அப்பா திரும்பிக் கும்பிட்டார். "சாமி, கோவப்படப்படாது சாமி. சரணம் சொல்லுங்க சாமி." மாமா கண்ணை மூடிக்கொண்டு சரணம் சொன்னார். அதற்குப் பிறகு அப்பாவுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மாமா இருக்கிற நேரம் பார்த்து அடிப்பார். அடிக்கும்போது அம்மாவைப் பார்க்கமாட்டார், மாமாவைப் பார்ப்பார். நான் தகரத்தின் பின்னால் நின்று, அடியை எண்ணாமல், மாமாவின் உதட்டில் எத்தனை சரணம் வருகிறது என்று எண்ணினேன்.

மஞ்சள் துணி வந்தது அப்போதுதான். குமுளியிலிருந்து ஏலக்காய் ஏற்றிவரும் மலையாளி ஜீப் டிரைவர் ஒருவர், எங்கள் செட்டில் வாரம் ஒருமுறை வண்டி கழுவுகிறவர், கொச்சியிலிருந்து கொண்டுவந்தார். கையளவு உருளை டப்பா. மூடியைத் திறந்தால் உள்ளே சுருட்டி வைத்த ஈரமான மஞ்சள் துணி. துணி என்றும் சொல்ல முடியாது. நெசவு இல்லை. தடிப்பாக, குளிர்ச்சியாக, பல்லி வயிற்றைத் தொட்ட மாதிரி இருந்தது. டிரைவர் நனைந்த பானெட்டில் அதை விரித்துப் போட்டு ஒரே இழுப்பு இழுத்தார். பின்னால் ஒரு சொட்டு இல்லை. பிழிந்தார், கால் செம்பு தண்ணீர் ஊற்றியது. உதறி மறுபடி போட்டார்.

"இனி வேட்டியொக்கெ தூர எறிஞ்சோ. இதாணு சாதனம்," என்றார்.

அப்பா அதை மாமாவிடம் கொடுத்தார். உயரமான ஆள், கூரைக்கு எட்டும். அம்மா வேட்டித் துணியோடு கதவுகளைப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் நாளே அதை நான் கெடுத்தேன் என்று நினைத்தோம். ஈரத் துணி என்றால் காயப்போட வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரிந்தது? நான் அதை அலசி முள்வேலியில் விரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் அது பலகை மாதிரி விறைத்து, ஓரம் சுருண்டு, கருவாடாகக் கிடந்தது.

"ஏலே, என்னத்தடா பண்ணி வச்சிருக்க?"

"காயப் போட்டேம்ப்பா."

"உரிச்ச தோலு வெறைச்ச மாதிரில்ல வெறைச்சுப் போச்சு!" அந்தப் பலகையாலேயே கன்னத்தில் அடித்தார். விளிம்பு கிழித்த தழும்பு இப்போதும் காதுக்குக் கீழே இருக்கிறது. முடிவெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். மறுநாள் லோடோடு அந்த வழியாகப் போன ஜீப் டிரைவர் இறங்கிப் பார்த்துச் சிரித்து, அதைத் தூக்கி வாளியில் போட்டார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பழையபடி மெத்தென்று ஆகியிருந்தது. ஈரத்தோடு டப்பாவில் அடைத்துத்தான் வைக்க வேண்டுமாம். அப்பா என்னைப் பார்த்து, "அதுக்கு நீ ஏன்டா அழுகுற மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?" என்றார். மன்னிப்பு என்று அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

இப்படியே முப்பது நாளுக்கு மேல் ஓடியது. மார்கழி பிறந்து, அரைப்பரீட்சை லீவு விட்டிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து எட்டு வண்டி. பதினொரு மணி வாக்கில் ஒரு கறுப்புக் கார் வந்தது. ஏலக்காய் வியாபாரி ஒருவரின் புது வண்டி. மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும், பன்னிரண்டுக்கு எடுக்க வருவேன் என்று விட்டுவிட்டுப் போனார்.

கறுப்பு வண்டிக்கு எங்கள் செட்டில் ஒரு முறை உண்டு. போர்த் தண்ணீரில் கழுவினாலும், கடைசி அலசலுக்கு ஆற்றுத் தண்ணீர். முல்லையாற்றிலிருந்து அம்மா நான்கு குடம் சுமந்து வைத்திருப்பாள். ஆற்றுத் தண்ணீர் கறை விடாது. அன்றைக்கு எட்டு வண்டி பார்த்த அசதியில் குடம் இரண்டுதான் இருந்தது. கூரைக்கும் பானெட்டுக்கும் அது போதவில்லை. மிச்சத்துக்கு போர்த் தண்ணீரையே ஊற்றினாள். அதே நேரம் ரோட்டோரம் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடிக்க, அப்பா மேடையைக் காலிபண்ணக் காரைத் தள்ளி வெயிலில் விட்டார். மாமா வேனின் பின்பக்கம் மாட்டியிருந்த மாலையை எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் துடைப்பதற்குள் கறுப்பு இரும்பு சுட்டுவிட்டது. பத்து நிமிடத்தில் டிக்கி முழுவதும் வெள்ளைப் புள்ளி.

அப்பா விரலால் ஒரு புள்ளியைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. வேட்டித் துணியை வாளியில் முக்கினார். முறுக்க ஆரம்பித்தார். அம்மா ஓடவில்லை, ஓடினால் இன்னும் கூடும் என்று அவளுக்குத் தெரியும். தலைக்குமேல் கையை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"வெயில்ல தள்ளுனது நீங்க," என்றாள். முதல் முறையாக எதிர்த்துச் சொன்னாள்.

அவ்வளவுதான். முதல் அடி கழுத்தில் சுற்றியது. இரண்டாவது காதில். மூன்றாவதில் அவள் டிக்கியின் மேல் சாய்ந்தாள். வேனில் வந்த சாமிமார்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "ஏங்க, பொம்பளையப் போட்டு..." என்று ஆரம்பித்தார். அப்பா அவரைக் கவனிக்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தார்.

"என்ன சாமி, சரணத்தையே காணோம்? தொண்ட கட்டிக்கிருச்சா?"

மாமா கையில் மஞ்சள் துணி இருந்தது. அதைப் பிழிந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மருமகனே," என்றார். முப்பது நாளாக என்னைச் சாமி என்றவர். "இது வந்த டப்பாவ எடுத்துட்டு வா."

எடுத்துவந்து நீட்டினேன்.

"இது எதுல செஞ்சதுன்னு போட்டிருக்கும். படி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேன்காரர்கள், டிக்கியில் சாய்ந்தபடியே அம்மா, துணியை முறுக்கிய கையோடு அப்பா. டப்பாவில் பொடி எழுத்தில் நாலைந்து வரி இங்கிலீஷ் இருந்தது. கூட்டிப் பார்த்தேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மேலே ஒரு படம் இருந்தது. வளைந்த கொம்போடு பாறைமேல் நிற்கிற காட்டு ஆடு. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது என் நாக்கில் வரவில்லை. இங்கிலீஷ் வாசிக்கிற பையன் இல்லையா நான்?

"ஆட்டுத் தோல் மாமா," என்றேன். "ஆட்டுத் தோல்னு போட்டிருக்கு."

அப்பாவின் கையிலிருந்த முறுக்கு அவிழ்ந்தது. "தோலா?" என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் அதற்குமுன் கேட்டதில்லை. வேன்காரச் சாமி ஒருவர், "அடப் பாவமே, கன்னிச்சாமியாச்சே," என்றார்.

மாமா அவசரப்படவில்லை. துணியைக் கீழே போட்டார். கழுத்திலிருந்த மாலையை இரண்டு கையாலும் தலைவழியாகக் கழற்றினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாவின் கையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"தம்பி, வேணாம்டா," என்றாள் அம்மா. சாமி என்று சொல்லவில்லை.

மாமா திரும்பினார். "மச்சான்," என்றார்.

அந்த ஒரு சொல்லில் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நகர்ந்தார். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. மாமா முதலில் கையால்தான் அடித்தார். அம்மா வாங்கிய இடத்திலெல்லாம் அடித்தார். கழுத்து, காது, வாய். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவரைத் தூக்கி நிறுத்தினார். அப்பா வாளியை எடுத்து வீசினார், மாமாவின் நெற்றி கிழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மேடையில் சாத்தியிருந்த ரப்பர் வைப்பரை எடுத்தார். ஒரு முழ நீள இரும்புப் பட்டை, ரப்பர் தேய்ந்து ஒரு மூலையில் இரும்பு துருத்திக்கொண்டிருந்தது. அப்பா முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால் அது தோளில் விழுந்திருக்கும்.

சத்தம் பெரிதாக இல்லை. அப்பா உட்கார்ந்துவிட்டார். கையால் இடது கண்ணைப் பொத்தினார். விரல் சந்து வழியாக வந்தது ரத்தம் மட்டுமில்லை.

வேன்காரர்கள்தான் அவரைத் தூக்கி, மலைக்குப் போகிற வண்டியைத் திருப்பி, தேனிக்குக் கொண்டுபோனார்கள். மாமா சட்டை இல்லாமல், கறுப்பு வேட்டியோடு, தோட்டத்துக் கம்பி வேலியைத் தாண்டிப் போனார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் அவர் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது. அம்மா மாலையைப் பிடித்தபடி டிக்கியிலிருந்து நகரவில்லை. பன்னிரண்டு மணிக்கு வியாபாரி வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, துடைக்கவே இல்லயா?" என்று கேட்டார்.

இடது கண் போய்விட்டது. டாக்டர் கேட்டபோதும், போலீஸ் வந்து கேட்டபோதும் அப்பா ஒரே பதில்தான் சொன்னார். "மேடையில வழுக்கி விழுந்துட்டேன்யா." மாமாவின் பெயரை அவர் சொல்லவே இல்லை. அது மன்னிப்பு என்று நான் அப்போது நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் அம்மாவிடம் சொன்னதைக் கேட்ட பிறகுதான் விளங்கியது.

"மாலை போட்டவன் கையில ஒரு மாசமா தோலக் குடுத்துத் தொடைக்க வச்சிருக்கேன்டி. கன்னிச்சாமி. சாமி சும்மா விடுமா? மாப்ள என்ன பண்ணுவான், அவன் கையில வந்து சாமிதான அடிச்சுச்சு."

அதற்குப் பிறகு அப்பா அம்மாவை அடித்ததில்லை. ஒரு முறைகூட இல்லை. கை ஓங்கும், அந்தரத்தில் நிற்கும், இறங்கிவிடும். கார்த்திகையில் வருகிற வண்டிகளை அவரே வேட்டித் துணியால் துடைத்தார். ஒற்றைக் கண்ணுக்குப் புள்ளி தெரியாது என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்பார். மஞ்சள் துணியை யாரும் செட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

நான் காலேஜ் போனேன். மூன்றாம் வருடம், பெரியகுளம் ரோட்டில் ஒரு கடையில் அதே மாதிரி டப்பாவைப் பார்த்தேன். அதே ஆட்டுப் படம். வாசித்தேன். இந்த முறை எழுத்துகள் சொல்லாக ஆயின. விலங்குத் தோல் எதுவும் சேர்க்கப்படவில்லை, முழுக்கச் செயற்கை என்று இருந்தது. பிளாஸ்டிக்கில் செய்த ஒரு ஸ்பாஞ்ச். ஆடு வெறும் முத்திரை. கடைக்காரர், "வேணுமா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார்.

அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"அப்பாட்டச் சொல்லிறாத."

"அவர் கண்ணு போயிருக்கும்மா. நான் ஒளறுனதால."

"அவுக ஒத்தக் கண்ணோட மனுசனா இருக்காக. ரெண்டு கண்ணோட எப்பிடி இருந்தாகன்னு நீயும்தான பாத்த."

பிறகு மாமாவைத் தேடிப் போனேன். வருசநாட்டுப் பக்கம் இலவந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் ஆகி, அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் வாசலை மிதித்ததில்லை. நான் போனபோது காய் உடைத்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார். மீசை, புருவம் எல்லாம் பஞ்சு. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பை அவர் முன்னால் கொட்டினேன். அது தோல் இல்லை மாமா, எனக்கு வாசிக்கத் தெரியாமல் சொன்னேன், உங்கள் விரதத்தைக் கெடுத்தேன், அப்பா கண்ணைக் கெடுத்தேன்.

மாமா புருவத்திலிருந்த பஞ்சை ஊதிவிட்டார்.

"தெரியும்," என்றார்.

"எது தெரியும்?"

"தோல் இல்லன்னு. கன்னிச்சாமி மருமகனே நானு. என்ன ஏதுன்னு விசாரிக்காமத் தொடுவேனா? மொத நாளே அந்த ஜீப் டிரைவர்ட்டக் கேட்டுட்டேன். 'சாமி பேடிக்கண்டா, பயப்படாதீங்க, இது பிளாஸ்டிக்காணு'ன்னு சிரிச்சாக."

"பெறகு எதுக்கு என்னயப் படிக்கச் சொன்னீக?"

"மாலயக் கழட்டணுமுல்ல." ஒரு காயை எடுத்து உடைத்தார். "நானாக் கழட்டுனா அக்கா மொகத்துல முழிக்க முடியாது. வேற யாராச்சும் சொல்லணும். நீ படிச்ச பய, ஒன் வாயால வந்தாப் போதும்னு பாத்தேன்."

"நான் தோல் இல்லன்னு சொல்லியிருந்தா?"

நேராக என்னைப் பார்த்தார். ஒளிக்கவில்லை.

"சொல்லியிருந்தா, சரணம் சொல்லிட்டு அடுத்த வண்டியத் தொடைக்கப் போயிருப்பேன்."

என் கை மூடிக்கொண்டது. அவருடைய வாயில் ஓங்கிக் குத்த வேண்டும் என்று இருந்தது. பெருவிரல் உள்ளே மடங்குகிற விதம்கூட அப்பாவுடையதுதான். பஞ்சு மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு ஆண்டிபட்டி பஸ்ஸைப் பிடித்தேன்.

இப்போது அப்பாவும் அம்மாவும் தேனியில் என்னோடு இருக்கிறார்கள். நான் அரசு வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் யாராவது எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், அவரோடு வண்டியைப் பற்றிப் பேசுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். இதைப் பேசாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைக் கழுவினேன், அப்பா துடைத்தார். வேட்டித் துணியை விரித்துப் போட்டு இழுத்துக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"ஏலே, ஒண்ணு கேக்கணும். பழைய செட்டுப் பக்கம் போயிருந்தேன். இப்ப இருக்கிற பயலுக அந்த மஞ்சத் துணியத்தான் வச்சிருக்காய்ங்க. அது தோலே இல்ல பெரியவரே, பிளாஸ்டிக்குன்னு சொல்றாய்ங்க." வலது கண்ணை என்மேல் வைத்தார். "அன்னக்கி நீதான படிச்ச. என்ன போட்டிருந்துச்சு?"

ஜன்னலுக்கு அந்தப்புறம் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது.

அவர் கை துணியை மெல்ல முறுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பிழியத்தான் முறுக்கினாரா என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

"இப்ப வர்றது பிளாஸ்டிக்குப்பா," என்றேன். "அப்ப வந்தது தோல்தான். ஆட்டுத் தோல்னு தெளிவாப் போட்டிருந்துச்சு."

"அதான." துணியை உதறினார். "நீ தப்பாவா படிச்சிருப்ப?"

குனிந்து, டிக்கியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். உள்ளே தோசையைத் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது.